கம்பி தூக்குகிறவன்

இருபத்தாறு ஆகஸ்டுகளாக
நான் ஊர்வலத்தைப் பார்த்ததில்லை.
அதற்கு முன்னால் நடந்திருக்கிறேன்.

புனித ரொக்கோவின் தலைக்குப் பின்னால்
தகரத்தில் ஒரு ஒளிவட்டம்.
பீடம், தோள்கள், வட்டம் எல்லாம் சேர்த்து
பதினான்கு அடி.
ஷெர்வின் தெரு முனையில் தொங்கும் தொலைபேசிக் கம்பி
பதிமூன்றரை.
அந்த அரையடிக்குத்தான்
கமிட்டி நோட்டில் என் பெயர்:
நுன்ஸியோ, கழி.

கழியின் நுனியில் கவை,
கவையைச் சுற்றி சைக்கிள் ட்யூப்.
ஏந்தி, உயர்த்தி,
புனிதர் கடக்கும்வரை மூச்சைப் பிடித்து,
பிறகு கம்பியை இறக்குவேன்
கடன்காரரை வாசல்வரை கொண்டுவிடுகிற மாதிரி,
சத்தமே இல்லாமல்.

அண்ணாந்தே நடந்ததில்
எனக்குத் தெரிந்த திருவிழா மாடிகளில் நடந்தது.
டிரம்பெட் நெருங்கும்போது
படாரென்று ஜன்னல் சாத்தும் ஒரு வெள்ளைக் கை.
எஃகு ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்தவன்
தலையணையைக் காதில் அமுக்கியபடி
என்னை முறைப்பான்.
ஓர்தென்ஸியா ஃபுஸ்கோ வருஷாவருஷம்
நீலப் பட்டுப் படுக்கைவிரிப்பை ஜன்னலில் தொங்கவிடுவாள்.
உலைக்களத்திலிருந்து அவள் புருஷன் திரும்பாத வருஷம்
ஜன்னல் மொட்டையாக இருந்தது.
அதற்கடுத்த வருஷம் ஒரு சாதா வெள்ளைத் துணி,
நடுவில் இஸ்திரிப்பெட்டி சுட்ட பழுப்பு முக்கோணம்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
கீழே இருந்தவர்கள் எல்லாம்
புனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தரையில் நடந்ததை மூக்குதான் சொல்லும்:
சோம்பு, குடமிளகாயோடு வதங்கும் தொத்திறைச்சி,
எண்ணெயிலிருந்து நேராகச் சீனியில் விழும் ஸெப்போலே.
முதுகுக்குப் பின்னால்
எர்மீனியோவின் இடது முட்டி சொடுக்கும்.
அதை வைத்து
எத்தனை எட்டு பின்னால் வருகிறார்கள் என்று கணக்கிடுவேன்.

போன மே மாதம்
நகராட்சி தெருவைக் கீறி
எல்லாக் கம்பிகளையும் மண்ணுக்குள் இறக்கியது.
மேம்பாடு என்று பலகை வைத்தார்கள்.

கோயில் நிலவறையில் கமிட்டி கூடியது.
கழியில் கொடி கட்டலாம் என்றான் தொனாத்தோ.
பந்தலுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றான் இன்னொருவன்.
வாண வேடிக்கைக்கு இருநூறு டாலர் குறைகிறது,
அதைப் பேசுங்கள் என்றார் பாதிரியார்.
"ஒரு வழியாக உனக்குக் கை ஒழிந்தது,
என் குடையைப் பிடி" என்றாள் என் மனைவி.

பதினாறாம் தேதி காலை
கழியோடுதான் போனேன்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஷெர்வின் முனை வந்தது.
மேலே ஏரிக்காற்றும்
ஆலைப் புகையின் மிச்சமும்.
கை தானாக எழுந்தது.
கவையை நீட்டி
வெறும் வானத்தை அரையடி தூக்கினேன்.

வெட்கம் வருவதற்குள்
முட்டி சொடுக்கிய சத்தம்.
எர்மீனியோ குனிந்திருந்தான்.
அவன் குனிந்ததால் பக்கத்தில் நின்றவன்,
அவனால் பின்வரிசை,
பன்னிரண்டு தோள்களும் இறங்க
புனித ரொக்கோ தலை தாழ்த்தி
இல்லாத கம்பியைக் கடந்தார்.

முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன்.

மூக்கில் சாயம் உரிந்திருந்தது.
மருத்துவமனையில் டாக்டரிடம் காட்டுகிறவரைப் போல
அங்கியை ஒதுக்கித் தொடைப் புண்ணைக் காட்டினார்.
காலடியில் நாய்.
அதன் வாயில் இருந்தது மர ரொட்டி இல்லை,
நிஜ ரொட்டி. ஓரத்தில் எறும்பு.
மார்பு நாடாவில் குத்திய டாலர் நோட்டுகளுக்கிடையே
யாரோ ஒரு மின்சாரக் கட்டண ரசீதையும் குத்தியிருந்தார்கள்.

கண்கள் ஜனங்களை நோக்கியிருக்கும் என்று
இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன்.
அவரும் அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஓர்தென்ஸியாவின் ஜன்னலையும், அந்தப் பழுப்பு முக்கோணத்தையும்
அவருக்கும் தெரிந்திருக்கும்.

டிரம்பெட்காரன் முதுகில் இடித்தான்.
"நட, நுன்ஸியோ."

அடுத்த கம்பி நூலகத்துக்கு எதிரே.
அங்கேயும் இல்லை.
அங்கேயும் தூக்கினேன்.