வாரிசு விண்ணப்பம்

குத்தாலம் தாலுகா ஆபீசில்
மூன்று மின்விசிறிகள், சுற்றுவது ஒன்று.
வரிசை அதன் கீழே போய் வளைந்து நின்றது.

இறந்தவர் பெயர்: அபயாம்பாள்.
கணவர்: சிங்காரவேலு, முன்பே காலமானவர்.
பிறந்த தேதியென்று ஆதார் சொல்வது
ஜனவரி ஒன்று, முப்பத்தேழு.
எங்கள் தெருவில் பாதிப் பேர்
அன்றைக்குப் பிறந்தவர்கள்தான்.

அம்மாவின் கணக்கு வேறு.
"பெரிய புயலுக்கு நான் சின்னப் புள்ள.
கூரை பறந்துருச்சு.
எங்கய்யா தூணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு
என்னையக் காலுக்குள்ள இடுக்கிக்கிட்டாரு."
எழுபத்தெட்டோ எண்பத்தேழோ,
அந்தக் காலிடுக்கிலிருந்து புறப்பட்டவள்
அதிக தூரம் போகவில்லை.
கிழக்கே பூம்புகார், மேற்கே கும்பகோணம்,
தெற்கே ஒரே ஒரு தடவை
என் பிரசவத்துக்குத் திருவாரூர்.
பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்,
மடியிலிருந்த மருந்துச் செம்பை மட்டும்
சாயவிடவில்லை.

என் காலேஜ் பணத்துக்குக் கம்மல் போனது.
காதோட்டையில் வேப்பங்குச்சி.
நான் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில்
வாங்கிக் கொடுத்ததை
பேத்திக்குப் போட்டுவிட்டு
குச்சியே சௌகரியம் என்றாள்.

பொறுமைசாலி என்று யாராவது எழுதினால்
நான் ஒப்பமாட்டேன்.
கொள்முதல் நிலையத்தில் எங்கள் நெல் குவியல்
பதினொரு நாள் மழையில் கிடந்தபோது
எடை போடுகிறவனை அவள் வைத வசவு
இன்னும் அந்தக் கொட்டகையில் இருக்கும்.
எங்களையும்தான்:
"பெத்த வயித்துல பெரண்டைய வச்சுக் கட்டணும்."
சொல்லி முடித்த கையோடு
பெரண்டைத் துவையல் அரைப்பாள்,
எனக்குக் கொஞ்சம் புளி தூக்கலாக.

உயிருடன் உள்ள வாரிசுகள் என்று ஒரு கட்டம்.
பெற்றது ஆறு.
படிவம் நாலுதான் கேட்கிறது.
மற்ற இரண்டும்
தீபாவளிக்குத் துணி எடுக்கையில்
அவள் விரலில் வரும், கடையில் வராது.

கிளார்க் தலை நிமிர்ந்து பார்த்தார்.
"ரெண்டு மகன்னு போட்டிருக்கு.
மூணு மொட்டை நிக்குதே?"

மூன்றாவது மருதையன்.
ஜெராக்ஸ் எடுத்துவரப் போய்
அப்போதுதான் உள்ளே வந்திருந்தான்.

வெள்ளம் ரோட்டை அறுத்துப் போன வருஷம்
வெண்ணி, இவனைப் பெற்றுப் போட்டுவிட்டு
விடியுமுன் அடங்கிப்போனாள்.
எங்கள் பெரியண்ணனுக்கு அப்போது ஆறு மாசம்.
அம்மா வரப்பில் நடந்து போய்த்
தூக்கிக்கொண்டு வந்தாள்.
ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் இவன்.
தெரு பேசியது.
அய்யா மூன்று மாசம்
அவள் கையால் சாப்பிடவில்லை.
அவளும் கூப்பிடவில்லை.

"நான் ஊர்க்காரன் சார்"
மருதையன் முந்திக்கொண்டான்.
ஜெராக்ஸ் தாள்களை மேஜையில் வைத்து
ஓரம் தட்டிச் சரிசெய்தான்.
எங்களில் ஒருவரும் மறுக்கவில்லை.
நானும்தான்.
பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்,
வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது,
பெயரில் கால் விடுபட்டு:
அபயம்பாள்.
திருத்த மறுபடி போகவேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் வீரசோழனில் தண்ணீர் வந்தால்
ஓசூருக்கும் தோஹாவுக்கும்
பேரப் பிள்ளைகளின் போனுக்கெல்லாம்
அவள் குரல் போகும்.
பட்டனை அமுக்கிக்கொண்டு முதலில் ஒரு மூச்சு,
பிறகு,
"தண்ணி வந்துருச்சு. நொரையோட வருது."
அவ்வளவுதான், நாலு விநாடி.
என் மகள் பன்னிரண்டு வருஷத்தை
அழிக்காமல் வைத்திருக்கிறாள்.

இந்த ஜூனில்
யாரும் சொல்லமாட்டார்கள் என்றிருந்தேன்.
நேற்று விடிகாலையில் போன் அதிர்ந்தது.
மருதையன்.
முதலில் ஒரு மூச்சு.
பிறகு அவன் கரகரத்த குரலில்,
அக்கா, மதகு வரைக்கும் வந்துருச்சு,
நொரை இன்னும் வரல,
நான் இங்கதான் நிக்கிறேன்.