பக்கத்துக்கு நூற்றைம்பது

ஆஷ்வெல் துரையின் காகிதங்கள்
ஒரு பென்டிரைவில் வந்து சேர்ந்தன.
பேத்தி அனுப்பியிருந்தாள், பிரிஸ்டலில் இருந்து.
இங்கிலீஷ் எல்லாம் அவளே படித்துவிட்டாளாம்:
பஸ்ராவில் ராணுவ கேப்டனாய் எழுதிய நாட்குறிப்பு,
ராமநாதபுரத்தில் சப் கலெக்டராய் இரண்டு வருஷம்,
அம்மாவுக்குக் கடிதங்கள், கொயினா கணக்கு,
மண்டபம் கேம்ப்பில் ஊசி போட்ட தலைகளின் தொகை.
மிச்சம் ஒன்பது தாள்.
அதற்குத்தான் நான்.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
பத்திரம் எழுதுகிறவள்.
நான்குமால், விஸ்தீரணம், யாதொரு வில்லங்கமும் இல்லை.
பழைய கையெழுத்து என்றால் என்னிடம்தான் வருவார்கள்.
பக்கத்துக்கு நூற்றைம்பது என்றேன்.
பேரம் பேசவில்லை. இருநூறு சொல்லியிருக்கலாம்.

எட்டுத் தாளில் பெரிதாய் ஒன்றுமில்லை.
கண்மாய் மடை, கள்ளுக்கடை ஏலம்,
ஒரு தாசில்தார் காசு தராமல் தின்ற கோழிகள்.

ஒன்பதாவதில் பூநாரை.
துரை வரைந்தது. பென்சில். நல்ல கை.
கால்கள் மட்டும் சரிவரவில்லை போல,
அழித்து அழித்து வரைந்திருக்கிறார்.
அடியில்: வாலிநோக்கம், காலை ஆறு மணி.
அறுபது வருஷம் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கியதாம்.
ஸ்கேன் எடுக்கச் சட்டத்தைக் கழற்றிய அன்றுதான்
பின்னால் எழுத்து இருப்பதைப் பார்த்தாளாம்.

மகாராஜராஜஸ்ரீ துரை அவர்கள் சமூகத்துக்கு
வேதாளை தண்டல் கலந்தர் பெண்சாதி
செய்யதும்மாள் எழுதிக்கொண்ட மனு.
என் புருசன் பசரா போனது
தங்கள் ஆத்துக்கப்பல் வேலைக்கு.
கச்சான் மூன்று போச்சு, காயிதம் இல்லை.
முப்பத்தொரு மாசச் சம்பளமும் வரவேணும்.
அது பிந்தி வந்தாலும் சரி.
அவர் மௌத்தா ஹயாத்தா
அதை மட்டும் துரை ஒரு சொல் சொல்லவேணும்.
நான் இத்தா இருக்கவா,
அடுப்பில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டு வைக்கவா.
தாங்களே தாய் தகப்பன்.

கைநாட்டு.
அதற்கும் கீழே பொடி எழுத்தில்:
எழுதினவன் சடாச்சரம். கூலி ஓரணா, பாக்கி.

மனுவின் தேதியை நாட்குறிப்பில் தேடினேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, ஜூலை பதினான்கு:
'காற்று. தேநீரில் மணல். வாசலில் கூட்டம்.
படத்தாள் தீர்ந்துவிட்டது, மதுரைக்குச் சொல்ல வேண்டும்.'

பஸ்ரா நோட்டில் கலந்தரைத் தேடினேன்.
இல்லை.
படகுகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது.
துரை வளர்த்த நாய்க்கும்.

தாத்தாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது
என்று வாட்ஸப்பில் கேட்டாள்.
தாய் தகப்பன் என்று, என்றேன்.
இதயம் ஒன்று அனுப்பினாள், பிறகு இன்னொன்று.
அது எல்லா மனுவிலும் வரும் அம்மா,
சமூகம் கருணை கூர்ந்து என்று
கழிவுநீர்க் கால்வாய்க்கு நான் எழுதுகிற மாதிரி.
அடித்தேன். அனுப்பவில்லை.

முழு மனுவையும் சாயங்காலம் அனுப்பினேன்.
இரண்டு டிக்கும் நீலமாயின.
பதில் இன்னும் இல்லை.
ஒன்பது பக்கத்துக்கும் பணம் முன்னமே வந்துவிட்டது.

ஒரு வரி மட்டும் நான் முழுசாய்க் கொடுக்கவில்லை.
நாரையின் கால் விழுந்த இடத்தில்
தாள் நைந்து, மை உரிந்து கிடக்கிறது.
பெரிதாக்கிப் பார்த்தேன், வெளிச்சம் மாற்றிப் பார்த்தேன்.
'அவர் முகம் பாராத பிள்ளை'
என்பது வரை தெரிகிறது.
'வயசு நாலு' என்பதும் தெரிகிறது.
நடுவில் ஒரு பெயர்.
முதல் எழுத்து ம, இல்லை கா.

புள்ளிகள் வைத்தேன்.
கிரயப் பத்திரத்துக்கு ஆள் வந்து நிற்கிறார், தொண்டியில் இருந்து.
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள் என்கிறேன்.
சொல்கிறார்.
இன்னொருமுறை, என்கிறேன்.