பதம்

ஹல் நகரத்தில் ஜனவரி.
நாலு மணிக்கே சூரியன் செட் ஆகிவிடுகிறது.
தமிழில் பொழுது சாயும்,
கூட்டுக்குத் திரும்பிய கோழி மாதிரி அடையும்.
இங்கே அதற்கும்
சிமென்டுக்கும் ஜெல்லிக்கும் ஒரே சொல்.
அவர்களுக்கு மூன்றெழுத்து, நமக்கு இரண்டு.

டோரீன் ஆக்ஸ்டபி மார்மலேட் கிண்டுகிறாள்.
ஃபிரீஸரில் வைத்த சாஸரில் ஒரு சொட்டு விட்டு
விரலால் தள்ளிப் பார்க்கிறாள்.
ஆடை சுருங்கினால் செட்.
சுருங்கவில்லை.
இது மூன்றாவது சாஸர்.

நாம் இதைப் பதம் பார்ப்பது என்போம்.
நமக்குச் சொல்லும் பதம்தான்.

முன்னறையில் கிளிஃப்.
நாற்பது வருஷம் கான்கிரீட் கொட்டியவர்.
போன வாரம் பனிக்கட்டியில் வழுக்கி
மணிக்கட்டு முறிந்தது.
எலும்பை செட் பண்ணி
மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.
ஆறு வாரம் என்றாள் நர்ஸ்.
'என் கலவைக்கு ஒரு ராத்திரி போதும்.'
அவள் சிரிக்கவில்லை.

மேஜையை செட் பண்ணியாயிற்று.
மூன்று தட்டு.
லீட்ஸிலிருந்து டேரன் போன் பண்ணினான்,
செட் ஆஃப் ஆகிவிட்டானாம்.

உறைவதற்கும் கிளம்புவதற்கும்
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இந்த ஜனங்கள் எப்படித்தான்
ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள்?

புரிந்துகொள்ளவில்லை.
அதனால்தான் ஐந்து வருஷம்.

கொல்லையில் கிளிஃப் போட்ட தளத்தில்
பக்கத்து வீட்டுப் பூனையின் காலடி இருக்கிறது.
ஈரத்தில் நாலு எட்டு வைத்து
என்ன நினைத்ததோ, திரும்பிவிட்டது.
அழிக்காதே அப்பா என்று
எட்டு வயசு டேரன் அழுதான்.
கரணையோடு குந்தியிருந்தவர்
கலவை இறுகும்வரை அப்படியே இருந்தார்.
இவரையும் யாராவது
ஈரத்தில் பிடித்திருக்க வேண்டும்.

நம் பையன்கள் சொல்வார்கள்,
'எங்களுக்கு செட் ஆகலடா.'
ஆக்ஸ்டபி வீட்டு அகராதியில் அந்த அர்த்தம் இல்லை.
இருந்திருந்தால்
அப்பனுக்கும் பிள்ளைக்கும் செட் ஆகல,
யார் மேலும் குத்தமில்லை என்று
டோரீன் என்றைக்கோ தூங்கியிருப்பாள்.

கிளிஃப் எழுந்து வருகிறார்.
இடது கையால்
மூன்றாவது தட்டின் கத்தியை
ஒரு நூல் நகர்த்துகிறார்.
பழையபடி வைக்கிறார்.
மறுபடி நகர்த்துகிறார்.

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.
இருவரும் அசையவில்லை.

நான்காவது சாஸர்
டோரீனின் கையில் குளிர்ந்துகொண்டிருக்கிறது.
அடுப்பை அணைக்கவில்லை.
பாகு
பதம் தப்பிக்கொண்டிருக்கிறது.