ஓய்வுநாள்

குப்பியில் இ.பி.-2 என்று எழுதியிருக்கிறது.
எல்க்கானா ப்ரூயிட். என் அப்பா.

டொலீடோவின் கண்ணாடித் தொழிற்சாலையில்
தண்ணீர்க் குவளைகளை வைக்கோலில் பொதிந்து
பெட்டியில் அடுக்கியவர்.
ஏழாம் நாள் சபைக்காரர்.
சனிக்கிழமை வரமாட்டேன் என்றதற்கு
மூன்று முறை வேலை போனது.
மூன்றாம் முறை அம்மா நாலு நாள் பேசவில்லை.
வெள்ளி பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும்,
வெந்த பயற்றை ஆறியபடியே தின்போம்.
இறைச்சி அவர் தட்டில் விழுந்ததே இல்லை.

அறுபத்து நான்கில் மண்ணீரல் வீங்கியது.
எங்கள் வார்டு கொதிகலன் அறைக்கு மேலே.
எந்தப் பலகையும் அப்படிச் சொல்லவில்லை,
ஊருக்கே தெரியும்.
சோதனைக்கு ஒரு சின்னக் கீறல், என்றார்கள்.
பதினோராம் நாள் புதைத்தோம்.
முழுதாகப் புதைத்தோம் என்றே
ஐம்பது வருஷம் நினைத்திருந்தேன்.

டாக்டர் ஹால்வொர்சன் நல்ல பிள்ளை,
நாற்காலி இழுத்துப் போட்டார்.
ஒசாகாவில் இருக்கிறாராம் அப்பா. லியோனில் இருக்கிறாராம்.
இருந்தவரை மிச்சிகன் எல்லை தாண்டாத மனிதர்.

என்ன கொடுப்பீர்கள் அவருக்கு?
கன்றின் ரத்தநீர், கொஞ்சம் சர்க்கரை.
சிரித்துவிட்டேன்.
ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

பழைய தாள் ஒன்றைத் திருப்பிக் காட்டினார்.
நீக்ரோ, ஆண், நாற்பத்தொன்று.
பெயரை இரண்டு எழுத்தாக நறுக்கியவர்கள்
அந்தச் சொல்லை மட்டும் முழுசாக எழுதியிருந்தார்கள்.
சம்மதம் என்ற இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.

'எழுதத் தெரியாதவர் என்பதால்...'
என்று தொடங்கினார் டாக்டர்.

பதினாறு வருஷம் சபையின் கணக்கு எழுதியவர் அப்பா.
என் வேதாகமத்தின் முதல் பக்கத்தில்
ஆர்லெத்தா ப்ரூயிட், பிறந்த தேதி, பிறந்த மணி.
குடும்பப் பெயரின் முதல் எழுத்து
கொடி போல விரிந்து மேல்வரியைத் தொடும்.
பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன்.
அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்,
இந்தச் செல்களால் பிழைத்த குழந்தைகள் உண்டென்று.

இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும்.
பனிக்காலத்தில் நிலக்கரி கேட்டு வந்தவர்களை
அப்பா வெறுங்கையோடு அனுப்பியதில்லை.
வந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமையும் பெருகுவாரா?

அவற்றுக்குக் கிழமை தெரியாது, அம்மா.
இருபத்திரண்டு மணிக்கு ஒருமுறை இரண்டாகும்.
உறையவைத்தால் மட்டும் நிற்கும்.

கண்ணாடிக்குள் ரோஜா நிற நீர்.
அசைவே இல்லை, ஆனாலும் வேலை நடக்கிறது,
கூலி இல்லாமல், விடுப்பு இல்லாமல்,
என் வயதை விடப் பத்தே வருஷம் குறைவாக.

ஒரே ஒரு வாரம்
வெள்ளி மாலை அவரை உறையவையுங்கள்,
ஞாயிறு காலை எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும், என்றார்.

கேளுங்கள், என்றேன்.