கோல் கம்பத்துக்குப் பின்னால்

பாகாவ் பாடாங்கில்
கோல் கம்பத்துக்குப் பின்னால்தான் எங்கள் இடம்.
வாளியைக் கவிழ்த்துத் தட்டுவோம்,
பால் வாடை போகாத வாளி.
தொழிற்கல்லூரி ஆட்டம் என்றால்
போன தொண்டை திங்கட்கிழமைதான் திரும்பும்.

பச்சைச் சட்டை, பத்தாம் நம்பர், ரோஸ்லான்.
அவன் காலுக்குப் பந்து வந்தால்
மழைகூடக் கொஞ்சம் நின்று பார்க்கும்
என்று சத்தியம் செய்தவள் அமிர்தவல்லி.
நான் நம்பினேன்.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில்
எதிரே வந்தது எங்கள் தோட்டம்.
தற்காப்பில் அப்பா.
விடியலில் முந்நூறு மரம் சீவிவிட்டு வந்தவர்.
இரவல் பூட்ஸ்,
இடது மட்டும் ஒரு சைஸ் பெரிது.

எண்பதாவது நிமிடம்
ரோஸ்லான் அப்பாவைத் தாண்டினான்.
வாய் என்னைக் கேட்கவில்லை:
"கோல்!"
வாளி உருண்டு ஓடியது.
சேற்றில் உட்கார்ந்தபடி
அப்பா திரும்பிப் பார்த்தார்,
பந்தை அல்ல.

லோரியில் யாரும் பேசவில்லை.
ரயில் கேட்டில் வண்டி நின்றபோது
தன் பங்கு ஆரஞ்சுத் துண்டை என்னிடம் நீட்டி
"நல்லாத்தான் ஆடுறான்" என்றார்.

"யாரு?" என்றேன்,
தெரியாதவன்போல்.