மூன்றுக்கு மூன்று மீட்டர்

நந்தம்பாக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம்
மூன்றுக்கு மூன்று மீட்டர்.
கழிப்பறைக்குப் போகிற வழி, அதனால் வாடகை கம்மி.
எவனும் ஒருதடவையாவது அந்தப் பக்கம் வந்துதானே ஆகணும்
என்றாள் ஜாக்குலின், என் பங்குதாரர்.
வங்கிக்கு எழுதும்போது மட்டும்
"பிரதான நடைபாதை" என்று போட்டுக்கொண்டோம்.

பேனர் சரியாக நிற்கிறதா என்று
பட்டறை வாசலில் கட்டிப் பார்த்தோம்.
பணகுடியில், ஆடி பத்தாம் தேதி,
அதைச் செய்திருக்கக் கூடாது.
அம்மி அங்கேயேதான் கிடந்தது. பேனர் பறந்தது.
வாழைத்தோப்புக் கம்பிவேலியில் கண்டெடுத்தபோது
"காற்றாலை பிரேக் கட்டைகள்" என்பதில்
"கள்" கிழிந்து போயிருந்தது.
மறுபடி அடிக்க மைதீன் பிச்சை ஆயிரத்தி இருநூறு கேட்டார்.
ஒருமையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐந்நூறு விசிட்டிங் கார்டு.
எண்ணின் கடைசியில் ஏழு வரவேண்டிய இடத்தில் ஒன்று.
அதற்கும் அவர்தான்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒத்திகை.
ஜாக்குலின் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு
டென்மார்க்காரன் ஆனாள்.
"மாசத்துக்கு எத்தனை ஜோடி?"
நாற்பது.
"நானூறுன்னு சொல்லு, உலகு."
சரி, ஆர்டரும் நானூறு கொடுத்துட்டா?
டென்மார்க் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மேலே தகரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

காட்சிக்கு என்று ஒரு ஜோடி தனியாக வைத்திருந்தோம்.
அடுப்பில் இரண்டு தடவை சுட்டது,
ஓரங்களை மூன்று நாள் தேய்த்தது.
நெல்லை டவுனில் ஆரம் வைக்க விற்கிற
நீல வெல்வெட் பெட்டியில் படுத்திருந்தது,
கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

கிளம்புகிற அன்று மத்தியானம் இசக்கியப்பன் போன்.
காற்று இரைச்சலில் பாதிதான் கேட்டது.
"எக்கா, பழவூர் நாப்பத்தேழு
நிறுத்துனா நிக்க மாட்டேங்கு.
கட்டை தேஞ்சி தகடு உரசுது.
ஸ்டாக்ல கிடக்கா?"
கிடக்கவில்லை.
சீசனில் எவன் பட்டறையில் ஸ்டாக் கிடக்கும்?
ஜாக்குலின் பெட்டியைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்க்காமல் இருந்தாள்.

பைக்கைச் சாய்த்தே ஓட்டி வந்தான்,
எதிர்க்காற்றில் தோளில் மூட்டை இருப்பவன்போல.
புதுசை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.
கழற்றிய பழசை மேசையில் வைத்தான்.
ஆறு வருசம் ஓடியது.
கறுப்பு, கிரீஸ், தீய்ந்த வாடை,
குறுக்கே மயிரிழை விரிசல் ஒன்று.
"இத என்ன செய்யப் போறிய?"
பதில் சொல்லுமுன் போய்விட்டான்.

வெல்வெட்டில் வைத்தால் ஆடியது,
தேய்ந்த அளவுக்கு இடம் மிச்சம்.
காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து மடித்து
அடியில் கொடுத்தேன்.
"புதியது" என்று ஒட்டியிருந்த சீட்டை
நகத்தால் சுரண்டினோம்; "பு" வரவில்லை.

வள்ளியூரில் ஏறி உட்கார்ந்தபோது இருட்டிவிட்டது.
ஜன்னலுக்குத் தெற்கே சிவப்பு விளக்குகள்
அணைந்து அணைந்து எரிந்தன.
அதில் எது நாற்பத்தேழு என்று தெரியவில்லை.
எதிர் சீட்டுக்காரர் மூக்கைச் சுளித்து
என்னம்மா கருகுது என்றார்.
மடியிலிருந்த பெட்டியை ஜாக்குலினிடம் நகர்த்தினேன்.

பேனாவை எடுத்து
ஒன்றின் தலையில் ஒரு கோடு இழுத்தேன். ஏழு.
அடுத்த கார்டு. ரயில் குலுங்கியதில்
சிலது ஒன்பதுபோல ஆனது, அதைத் தனியே வைத்தேன்.

நெல்லை தாண்டியதும்
இசக்கியப்பன் நம்பர் இரண்டு மணி அடித்து நின்றது.
எடுக்கக் கூடாது, எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.
மிஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

கோவில்பட்டி வரும்போது
நூற்றிப் பன்னிரண்டு முடித்திருந்தேன்.
ஜாக்குலின் கூலிங் கிளாஸோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.