எழுநூறு சுற்றுகள்

ஓஷெர்ஸ்லெபன். ஏப்ரல். சனி இரவு பத்தரை.
பீட் வயல்களுக்கு அப்பால் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாய் எரிந்து ஒன்றாய் அணைகின்றன.
வேனில் ஹீட்டர் இல்லை. தேத்தண்ணீர் ஆறிப் போச்சு.

காலையில் பட்டனை அழுத்த அழுத்த
இருமியதே தவிர இஞ்சின் எழும்பவில்லை.
தள்ளி ஓட்டிக் கிளப்பிய பிறகு
"கேள் மதுஜா, என்ன அமைதி, பட்டு மாதிரி" என்றான் ஹென்னிங்.

அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.
டிக் டிக் என்று முனகும் வால்வு
தன் இருக்கையில் வந்து உட்கார்ந்துதான் எழும்புகிறது.
வாயை மூடிக்கொண்ட வால்வோ
மூடவே இல்லை.

மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜை விரித்தேன்.
இடது இன்டேக், நூற்றில் பத்து: நுழைந்தது.
வலது, பத்து: இல்லை. எட்டு: இல்லை. ஐந்து.
மூன்றாம் நம்பர் தாள்
முனை மடங்கித் திரும்பி வந்தது.

ஹெட்டைப் பிரித்து வால்வை வெளியே எடுக்க
இரண்டு மணி நேரம்.
இந்தக் குளிரில் ஸ்பானர் விரலைக் கடிக்கிறது,
டைட்டானியம் கடிப்பதில்லை.
கையில் வைத்தால் யாரோ இப்போதுதான்
வைத்துவிட்டுப் போன பொருள் போல.
இரண்டு காசின் எடை.
நொடிக்கு நூற்றெட்டு முறை திறந்து மூடும்
(கணக்குப் பார்த்துவிட்டேன், சரியாய் நூற்றெட்டு)
அர்ச்சனைக்குப் பூக்கூட அவ்வளவு லேசாய் விழாது.

ஆனால் அதன் பலமெல்லாம் மேல்தோலில்.
தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு கனமில்லாத பூச்சு.
அது போனால் உள்ளே மென்சதை;
ஒவ்வொரு அடிக்கும் குழிந்து குழிந்து
இருக்கைக்குள் புதைந்துகொண்டே போகும்.

டார்ச்சைக் கிட்டப் பிடித்தேன்.
முகத்தைச் சுற்றி ஒரு மங்கல் வளையம்.
உரசியது.
ஆரோ பேஸ்ட் தடவி, குச்சியில் ஒட்டி, உருட்டி உருட்டி
அன்பாய் உரசியது.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஹென்னிங் தன் சப்பாத்தைப் பார்த்தான்.
"ஜனவரியில்," என்றான். "நன்றாய்ப் பொருந்தட்டும் என்று.
இரண்டு பக்கமும். அப்பாவின் இஞ்சினுக்கு அப்படித்தான் செய்வோம்."

அப்பாவின் இஞ்சின் இரும்பு.

பெட்டியில் ஒரு ஜோடி ஸ்டீல் வால்வு இருந்தது,
அதற்குரிய கனத்த ஸ்பிரிங்குகளும்.
ஒன்றுக்குப் பன்னிரண்டு கிராம் கூட.
"பன்னிரண்டா!" என்றான், ஆள் செத்த செய்தி போல.
பனிக்காலத்தில் நீ ஏற்றிய நாலு கிலோவைக் கேட்டேனா
என்று பகிடி விட வாய் வந்தது. விடவில்லை.
சுற்று வரம்பைப் பதிமூவாயிரத்திலிருந்து
எழுநூறு இறக்க வேணும் என்றேன்.
இல்லாவிட்டால் ஷிம்மை மெலிதாக்கிப் போட்டுவிட்டு
மூன்றாம் சுற்றில் பிஸ்டனில் அது முட்டும் வரை
இருவரும் வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

கன நேரம் கதைக்கவில்லை.
பிறகு டார்ச்சை என் கையிலிருந்து வாங்கி
நான் வேலை செய்ய வாகாய்ப் பிடித்தான்.
கையால் வெட்டியைச் சுற்றி இருக்கையைச் சீவினேன்.
ஸ்டீலை உரசலாம். உரசினேன்.
கரகரப்பு மெல்ல மெல்ல வழுவழுப்பாகும் அந்தச் சத்தத்தை
அவன் கண்ணை மூடிக் கேட்டதைக் கண்டேன்.

ஞாயிறு. பதினோராவது இடம்.
நேர்ப்பாதை முடிவில் ஒவ்வொரு முறையும்
தாழ்ந்த நிலையில் தலை இடித்தது மாதிரி என்றான்.
இஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று கேட்டது.
அது உலோகம் சுருங்கும் சத்தம், வால்வு இல்லை;
ஆனாலும் நின்று கேட்டேன்.

"புதுசு ஒரு ஜோடி டைட்டானியம் என்ன விலை?"
சொன்னேன்.
விரலை மடித்து எதையோ எண்ணினான்,
மாதங்களாய் இருக்கலாம்.
"வாங்குவோம். ஜூனில்."

சரி என்று கையை நீட்டினேன்.
விளங்காமல் பார்த்தான், பிறகு விளங்கியது.
ஜாக்கெட்டின் உள்பைக்குள் துழாவி
அந்த பேஸ்ட் டப்பாவை எடுத்துத் தந்தான்.
பாதி காலி.
அவன் உடம்புச் சூடு அதில் இன்னும் இருந்தது.